ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம்

தம்பி,

இந்தக் கடிதத்துக்கு முன்பே என் தந்தி உன் கைக்கு வந்திருக்கும். "ஊசி நிறுத்து கடிதம் வருகிறது" என்ற நான்கு வார்த்தைக்கு மேல் அதில் எழுத எனக்கு ஓடவில்லை. தந்தி என்றாலே யாரோ போய்விட்டார்கள் என்றுதான் நம் ஜனங்கள் நினைப்பார்கள். கஞ்சிக்கோட்டில் உன் கம்பெனி கேட்டுக்குத் தந்திக்காரன் வந்து உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது நீ எப்படி ஓடி வந்திருப்பாய் என்று நேற்று முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன். இந்த அப்பாவை மன்னித்துக்கொள். இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை. அம்மா நன்றாக இருக்கிறாள். உன் தங்கச்சி செல்விக்கு ஒரு பல் விழுந்திருக்கிறது; அதைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு தோட்டத்தில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறாள். மூன்று நாளாக விடாத சாரல். மற்றபடி சுகம்தான். தந்தி போனதால் நீ ஊசியை நிறுத்தியிருப்பாய் என்ற நிம்மதியில்தான் உட்கார்ந்து, அவசரமில்லாமல் இதை எழுதுகிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மருமகள் மரகதத்துக்கு ஆறாம் மாதம் நடக்கிறது, பாலக்காட்டில் பார்த்த டாக்டர் ரத்தம் ரொம்பக் குறைவு என்கிறார், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் வயிற்றில் தங்காமல் வாந்தியாகிறது, அதனால் ஊசி எழுதியிருக்கிறார் என்று எழுதியிருந்தாய். அது வரைக்கும் எனக்குப் பயமில்லை. அதற்குக் கீழேதான், ஊசி மருந்தை வாங்கி வீட்டில் வைத்துவிட்டதாகவும், பக்கத்து வீட்டுக்காரர் பட்டாளத்தில் ஆஸ்பத்திரி வேலை பார்த்தவர், ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது, ஞாயிற்றுக்கிழமை அவரையே போடச் சொல்லியிருக்கிறோம் என்றும் எழுதியிருந்தாய். "ஒரு ஊசிக்கு எதுக்குங்க பஸ் ஏறி பாலக்காடு போகோணும், பக்கத்து ஊட்டு அண்ணனே போட்டுருவாருங்க" என்று மரகதம் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அந்தப் பெண் சொல்வதில் தப்பு இல்லை. கோவிந்தாபுரத்தில் காடும் களமும் என்று வளர்ந்த பிள்ளை, உடம்புக்கு வந்ததைப் பெரிதுபடுத்தத் தெரியாது. அந்தப் பட்டாளத்துக்காரரையும் நான் குறை சொல்லவில்லை. அவர் கை நல்ல கையாக இருக்கலாம். என் கையும் நல்ல கைதான். இருபது வருஷமாகத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருக்கிறேன். எத்தனை ஆயிரம் ஊசி போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்த நல்ல கையால் நான் செய்த ஒரு காரியத்தை உனக்கு இதுவரை சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இரும்பு ஊசி கெட்ட மருந்து என்று நான் எழுதப்போவதாக நினைத்துக்கொள்ளாதே. அது வந்த பிறகு எழுந்து நடமாடியவர்களை நான் கண்ணால் பார்த்தவன். நீ சின்னப் பையனாக டிஸ்பென்சரி வாசலில் விளையாடிய நாளில் பார்த்திருப்பாய். கொழுந்து எடுக்கும் பெண்கள் மேட்டில் நாலடி ஏறிவிட்டு, கூடையோடு நின்று மூச்சு வாங்குவார்கள். நாக்கை நீட்டச் சொன்னால் வெளுத்து வழவழவென்று இருக்கும். கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இருக்காது. சிலர் பச்சை அரிசியை அள்ளித் தின்பார்கள், சிலர் செங்கலைச் சுரண்டித் தின்பார்கள். சோம்பேறிகள் என்று கங்காணிகள் ஏசுவார்கள். வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்பவர்களுக்குக் கொக்கிப்புழு காலில் துளைத்து உள்ளே போய், குடலில் உட்கார்ந்து ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது? பூச்சி மருந்து கொடுத்து, மாத்திரை கொடுத்து, மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்தக் கடுங்காப்பி நிற ஊசியைப் போட்டுத்தான் எங்கள் டாக்டர் பலரைப் பிழைக்க வைத்தார். பிரசவ நேரத்தில் ரத்தம் இல்லாமல் போனவர்களை முன்னால் பார்த்திருக்கிறேன். ஊசி வந்த பிறகு அந்த மாதிரிச் சாவு குறைந்தது.

அந்த மருந்துக்கென்று சில குணங்கள் உண்டு. தோலுக்கு அடியில் கசிந்தால் கறுத்த கறை விழும், வருஷக்கணக்காகப் போகாது. அதனால் கையில் போடக்கூடாது. இடுப்புக்குக் கீழே பின்பக்கம், மேல்புற ஓரத்தில்தான் ஆழமாகப் போட வேண்டும். மருந்தை எடுத்த பிறகு ஊசியை மாற்றி வேறு ஊசி மாட்ட வேண்டும். போடும்போது தோலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து, மருந்து உள்ளே போன பிறகு விட வேண்டும்; அப்போதுதான் துளை மூடிக்கொண்டு மருந்து திரும்பி வராது. இதெல்லாம் டாக்டர் சொல்லித்தான் தந்தார். ஆரம்பத்தில் நான் அவசரத்தில் தோலை இழுக்காமல் பேச்சியம்மாளுக்குப் போட்டுவிட்டேன். நம் வீட்டுக்கு அடுத்த லயத்து வரிசை வீட்டில் இருக்கும் உன் பேச்சி அத்தைதான். எட்டணாக் காசு அகலத்துக்குக் கறை விழுந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. தண்ணீர்க் குழாயடியில் எல்லாப் பெண்களிடமும், "கம்பவுண்டரு எனக்கு மச்சம் வச்சு விட்டுருக்காரு, காலாகாலத்துக்கும் அழியாதாம்" என்று சொல்லிச் சிரித்தாள். என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மாதம் சிரித்தாள். அதற்கப்புறம் ஒரு தடவைகூட நான் தோலை இழுக்க மறந்ததில்லை.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நம் தேவிகுளம் தாலுகா அப்போது கோட்டயம் ஜில்லாவில் இருந்தது. இடுக்கி என்று தனியாகப் பிரிக்கவில்லை. நீ போடியில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாய். உனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் தங்காமல் போனது உனக்குத் தெரியும். இனி இல்லை என்று நாங்கள் விட்டுவிட்டபோது அவளுக்கு மறுபடியும் வயிறு வந்தது. அவளுக்கு முப்பத்தைந்து வயது. சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். அக்கம்பக்கத்தில்கூடச் சொல்லவில்லை. ஐந்தாம் மாதம் டாக்டரிடம் காட்டினோம். விரலில் குத்தி ரத்தம் எடுத்து, அமிலத்தில் கலந்து, குழாயில் நிறம் ஒத்துப் பார்த்தது நானேதான். ஆறு என்று காட்டியது. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு. ஊருக்கெல்லாம் ரத்தம் பார்க்கிற என் வீட்டுக்குள்ளேயே அவள் இப்படி வெளுத்துப்போனதை நான் கவனிக்கவில்லை. அரிசிப் பானையில் கை விட்டுப் பச்சை அரிசி தின்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சி ஆசை என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

மாத்திரை கொடுத்தார்கள். மரகதம் மாதிரியேதான், வாந்தி. டாக்டர் ஊசி எழுதினார். சீட்டில் தெளிவாக எழுதியிருந்தார்: ஆஸ்பத்திரியில் வைத்து, முதலில் மிகக் கொஞ்சமாகப் போட்டுச் சோதித்துப் பார்த்து, ஒரு மணி நேரம் உட்கார வைத்து, ஒன்றும் இல்லையென்றால் மறுநாள் முழு மருந்து. எழுதும்போது அம்மாவைப் பார்த்து, "முன்னாடி ஏதாவது வியாதி உண்டாம்மா?" என்றும் கேட்டார். அவள் தலையை ஆட்டி இல்லை என்றாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மழைக்காலத்தில் அவளுக்கு மூச்சு இழுத்து இளைப்பு வரும். கல்யாணமான வருஷத்திலிருந்து எனக்குத் தெரியும். வெந்நீர் வைத்துக் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு எத்தனை ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரத்தில் அது எனக்கு ஒரு வியாதியாகவே தோன்றவில்லை. மழைக்கு ஓட்டில் ஒழுகுவது மாதிரி, வருஷா வருஷம் வரும், போகும். அதனால் சொல்லவில்லை.

சனிக்கிழமை டிஸ்பென்சரிக்கு வரச் சொன்னேன். அவள் வரமாட்டேன் என்றாள். "அம்புட்டுப் பேரும் வரிசையில நிக்காக. அவுக முன்னால நான் போயி எப்படிப் படுக்கதாம்? நாளைக்குக் கொழாயடியில அதத்தான் பேசுவாக. நீகளே வீட்டுல வச்சுப் போடுங்க" என்றாள். எனக்கும் அது சரியென்று பட்டது. அதற்குள் நாற்பது பேருக்கு மேல் நான் அந்த ஊசியைப் போட்டிருந்தேன். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை. சோதனை ஊசியைக்கூடப் பல பேருக்கு நான் விட்டுவிடுவேன். மேட்டிலிருந்து இறங்கி வந்த பெண்ணை இரண்டு நாள் வரச்சொல்வானேன் என்ற நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிஸ்பென்சரியைத் திறந்து, ஒரு ஆம்பூல் மருந்துக் குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன், தம்பி. அதைத்தான் நீ கவனிக்க வேண்டும். மண்ணெண்ணெய் அடுப்பில் சிரிஞ்சையும் ஊசியையும் இருபது நிமிஷம் கொதிக்க வைத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஊசியை மாற்றினேன். தோலை இழுத்துப் பிடித்து ஆழமாக, மெதுவாகப் போட்டேன். அம்மா, "முடிஞ்சுதா? ஒண்ணுமே தெரியலியே" என்றாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சிரிஞ்சைக் கழுவ அடுப்படிக்குப் போனேன். பின்னாலிருந்து அவள், "ஏங்க, உள்ளங்கையெல்லாம் அரிக்குது" என்றாள். திரும்பிப் பார்ப்பதற்குள், "தொண்டைய என்னமோ புடிக்குது" என்றாள். அடுத்த வார்த்தை வரவில்லை. உதடு தடித்துவிட்டது. மூச்சு விசில் அடித்தது. நெற்றியில் குளிர்ந்த வேர்வை. மணிக்கட்டைப் பிடித்தால் நாடி விரலுக்கு அகப்படவில்லை.

அதற்குப் பெயர் எனக்குத் தெரியும். அதற்கு மருந்தும் தெரியும், அட்ரினலின். எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். டிஸ்பென்சரி அலமாரியில் இரண்டாம் தட்டில், நம் வீட்டிலிருந்து கால் மைல் மேட்டில். தெரிந்து என்ன? வீட்டில் இல்லை. அவளை இடதுபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, காலுக்கடியில் தலையணைகளை வைத்துவிட்டு, "பேச்சி!" என்று கத்தினேன். அவள் ஓடி வந்து அம்மாவின் தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் மேட்டில் ஓடினேன்.

பாதி வழியில், தண்ணீர்த் தொட்டி அருகில், டிஸ்பென்சரி நர்ஸ் ஏலியாம்மா சிஸ்டர் எதிரே இறங்கி வந்துகொண்டிருந்தார். உனக்கு அவரை நினைவிருக்கும். கோட்டயத்துக்காரர், ஐம்பது வயது, குட்டையான உருவம், தோட்டத்துக்கு வந்து பத்து வருஷமாகியும் தமிழில் பாதி மலையாளம். சிரித்து யாரும் பார்த்ததில்லை. கையில் துணி மூடிய தட்டு. என்னைப் பார்த்ததும் நின்று, "கம்பவுண்டரே, இரும்பு மருந்து ஒரு ஆம்பூல் குறையுது. அட்ரினலின் ரெண்டும் அவிடத்தன்னெ இருக்கு. நீங்க எவிட போயி ஊசி வைக்கான் போறது?" என்று ஆரம்பித்தார். என்னைத் திட்டுவதற்காகவே இறங்கி வந்திருக்கிறார். திட்ட வந்தவர் சும்மா வரவில்லை. அட்ரினலினையும் கொதிக்க வைத்த சிரிஞ்சையும் தட்டில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். "வீட்டுல... மூச்சு..." என்றேன்.  அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த வழுக்குப் பாதையில் அவர் ஓடிய ஓட்டத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

உள்ளே போனதும் அம்மாவின் கையில் மருந்தைப் போட்டார். என்னைத் தொடவே விடவில்லை. நாடியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை போட்டார். நான் சுவரோரமாக நின்றேன். எத்தனை நிமிஷம் என்று தெரியவில்லை. விசில் சத்தம் குறைந்தது. உதட்டில் நிறம் வந்தது. அம்மா கண்ணைத் திறந்து முதலில் பேச்சியைப் பார்த்து, "அடுப்பு எரியுதா பாரு" என்றாள். பேச்சி ஓவென்று அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு சிஸ்டர் தன் பையிலிருந்து மரக்குழலை எடுத்து, அம்மாவின் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். வெகு நேரம் கேட்டார்.  தலையைத் தூக்கி, "குழந்தை நல்லா இருக்கு" என்றார். அம்மா டீ வேண்டும் என்று கேட்டாள். "சாயா வேண்டா. வெள்ளம் மதி" என்று அதட்டி, தண்ணீர் மட்டும் கொடுக்கச் சொன்னார். வெளியே வந்து தட்டைத் துணியால் மூடினார். அவர் திட்டட்டும் என்று காத்திருந்தேன். கடைசியில் போகும்போது, "டாக்டரிடம் நீங்க பறயணும். ஞான் பறயில்லா" என்றார். நானே சொல்ல வேண்டும், அவர் சொல்லமாட்டார்; அவ்வளவுதான்.

திங்கட்கிழமை டாக்டரிடம் சொன்னேன். வீட்டில் வைத்துப் போட்டதை, சோதனை ஊசி போடாததை, இளைப்பு உண்டு என்று தெரிந்தும் வாய் திறக்காததை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. என் பக்கம் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று, "இதுவரைக்கும் நாப்பது பேருக்குப் போட்டிருக்கேன் சார், ஒண்ணும் ஆனதில்ல" என்றேன். "அது அந்த நாப்பது பேர் சமாச்சாரம். உங்க சம்சாரம் சமாச்சாரத்தை அவங்ககிட்டயா கேக்க முடியும்?" என்றார். இளைப்பு உள்ளவர்களுக்கு, ஏதாவது மருந்தில் உடம்பு தடித்தவர்களுக்கு இந்த ஊசி ஆபத்து அதிகம் என்பதால்தான் முன்னாடி ஏதாவது வியாதி உண்டா என்று கேட்டதாகவும், இனிமேல் வியாதி என்று கேட்காமல் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்பதாகவும் சொன்னார். தன் பக்கத்திலும் ஒரு குறை இருப்பதாக அவர் எடுத்துக்கொண்டது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. மூன்று மாதம் ஊசிப் பக்கமே போகவேண்டாம் என்றார். மருந்து கலக்கி, கட்டுக் கட்டிக்கொண்டு இருந்தேன். அந்த மூன்று மாதமும் ஊசி போட்டது சிஸ்டர்தான்.

அம்மாவுக்கு அந்த ஊசி இனி ஜென்மத்துக்கும் கூடாது என்று அவளுடைய சீட்டில் சிவப்பு மையில் எழுதினார்கள். பிறகு ரத்தம் எப்படி ஏறியது என்று கேட்பாய். மாத்திரையால்தான். மலம் சோதித்ததில் புழு முட்டை இருந்தது. கர்ப்ப மாதத்தைக் கணக்குப் பார்த்து டாக்டர் அதற்கு மருந்து கொடுத்தார். மாத்திரையை வெறும் வயிற்றில் தராமல் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று மட்டும், அது தங்கிய பிறகு இரண்டு என்று மெதுவாக ஏற்றினார்கள். மாத்திரையோடு டீ குடிக்கக்கூடாது, சத்து உடம்பில் சேராது என்றார் டாக்டர். தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு டீ குடிக்காதே என்றால் எப்படி? அம்மா முணுமுணுத்தாள். சிஸ்டர் மத்தியானம் மத்தியானம் வந்து, அவள் மாத்திரையை முழுங்குகிற வரை எதிரே உட்கார்ந்திருந்தார். வாந்தி வந்த நாளில் அவரே துடைத்தார். ஆறு, ஏழானது. ஏழு, எட்டேகாலானது. ஒன்பதாம் மாதம் நான் குழாயில் நிறம் ஒத்துப் பார்த்தபோது ஒன்பதரை. இன்னொரு தடவை பார்த்தேன். ஒன்பதரைதான். தோட்டக் கம்பெனியின் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துச் செல்வி பிறந்தாள். ரத்தம் கொஞ்சம் போனது. அம்மா தாங்கினாள். நீ லீவுக்கு வந்து தங்கச்சியைத் தூக்க பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாயே, அந்த நாளுக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. படிக்கிற பையனைப் பயமுறுத்துவானேன் என்று நினைத்தேன். அது பொய், என்னை நீ ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாயோ என்றுதான் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து நான் திரும்ப ஊசி போட ஆரம்பித்தபோது டிஸ்பென்சரி வராந்தாவில் ஒரு பெஞ்சு போட்டோம். இரும்பு ஊசி யாருக்குப் போட்டாலும், சோதனை ஊசியானாலும் முழு ஊசியானாலும், ஒரு மணி நேரம் அந்தப் பெஞ்சில் இருக்க வேண்டும். அட்ரினலினும் சிரிஞ்சும் பக்கத்து மேஜையில் தயாராக இருக்கும். வேலைக்குப் போக முடியவில்லை என்று பெண்களுக்கு வருத்தம், கங்காணிகளுக்குக் கோபம். ஏன் என்று கேட்டவர்களிடம், என் சம்சாரத்துக்கு இப்படி ஆனது, என் தப்பால் ஆனது என்று சொன்னேன். முதல் தடவை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். பிறகு பழகிவிட்டது. இந்த ஏழு வருஷத்தில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பேருக்கு அம்மாவுக்கு வந்த மாதிரியே வந்தது. இரண்டு பேரும் இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறார்கள்.

இனி மரகதத்தின் விஷயம். போன தையில் நீங்கள் இங்கே வந்திருந்தபோது, தொண்டைப் புண்ணுக்கு நான் ஒரு மாத்திரை கொடுத்தேன், நினைவிருக்கிறதா? மறுநாள் காலையில் அவள் கையிலும் கழுத்திலும் தடிப்புத் தடிப்பாக வந்தது. "குளுருக்குங்க மாமா, எங்கூர்ல இத்தன குளிர் இல்லீங்களே" என்றாள். நான் மாத்திரையை நிறுத்தினேன். இரண்டு நாளில் போய்விட்டது. அது குளிரில் வந்தது இல்லை. அந்தத் தடிப்பை அவள் பாலக்காட்டு டாக்டரிடம் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கு அது நினைவில்கூட இருக்காது. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அதுதான் முதலில் ஞாபகம் வந்தது. தந்தி கொடுக்க மழையில் தேவிகுளம் வரை ஓடியதும் அதனால்தான். அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்; கேட்டபிறகு அவர் ஊசியே வேண்டாம் என்று சொல்லலாம். மாத்திரையையே வேறு விதமாகக் கொடுத்துப் பார்க்கலாம். இல்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்து, கண் முன்னால் வைத்துப் போடலாம். அதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். நானும் நீயும் பட்டாளத்துக்காரரும் தீர்மானிக்கக் கூடாது. ஊசிதான் என்று ஆனால், எத்தனை ஊசி என்று அவர் கணக்கிட்டுச் சொன்னதற்கு மேல் ஒன்றுகூடப் போடக்கூடாது. உடம்பு தேறுகிறதே என்று கூடுதலாகப் போட்டால் இரும்பு உள்ளே தங்கிக் கெடுதல் செய்யும், வெளியே போக வழியில்லை. ஊசி நடக்கிற நாளில் மாத்திரையும் சேர்த்து வேண்டுமா என்று கேட்டுக்கொள். போட்ட மறுநாள், அடுத்த நாள் காய்ச்சலோ மூட்டு வலியோ வந்தால், தானாகப் போகட்டும் என்று இருக்காமல் போய்ச் சொல். வீட்டில் வாங்கி வைத்த மருந்தை எடுத்துப் போய் டாக்டரிடமே கொடுத்துவிடு. பட்டாளத்துக்காரர் மனம் நோகாமல், அப்பா இப்படிச் சொல்கிறார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடு.

இதுவரை எழுதியதை இன்று மத்தியானம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். படித்து முடிக்கிற வரை தலையைத் தூக்கவில்லை. இந்த ஏழு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உட்கார்ந்து பேசியதே இல்லை. முறத்தை இறக்கி வைத்துவிட்டு, "இளைப்பு இருக்குன்னு சொல்லாதது நீக மட்டுமா? என்கிட்டதான டாக்டரு கேட்டாரு?" என்றாள். உனக்கு அது வியாதியென்று தோன்றாததால்தானே சொல்லவில்லை என்றேன். "எனக்கா தோணல? சொன்னா, கோட்டயம் பெரியாஸ்பத்திரிக்குப் போன்னு அனுப்பிருவாகளோன்னு பயந்துதான் சொல்லல. போன ரெண்டும் அங்க வச்சுத்தான போச்சு. அந்த வாசல மிதிக்க மாட்டேன்னு நெனச்சுட்டுதான் தலைய ஆட்டுனேன்" என்றாள். நான் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தேன். "எல்லாத்தையும் உங்க தலையில எழுதிக்கிட்டா எப்படி? என் பேரையும் எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகு வெகு நேரம் பேசினோம். மூச்சு முட்டிக் கிடந்தபோது அவளுக்கு எல்லாம் கேட்டதாம். நான் கத்தியது, பேச்சி சாமியைக் கூப்பிட்டது, எல்லாம். "நீக ஓடுற சத்தம் கேட்டுச்சு. செருப்புப் போடாம ஓடுறாகளே, வழுக்குமேன்னு இருந்துச்சு" என்றாள். அப்படியே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். செல்வி உள்ளே ஓடி வந்து, என்ன என்ன என்று இரண்டு பேரையும் பிடித்து உலுக்கினாள். உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அம்மா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஏழு வயதுப் பிள்ளை, கால் தரையில் இழுபடுகிறது. இந்தக் கடிதத்தை எழுத வைத்ததற்கு உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

பத்து நாள் லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்துவிட்டது. புதன்கிழமை காலை பஸ்ஸில் மறையூர், உடுமலைப்பேட்டை வழியாக மூன்று பேரும் கிளம்புகிறோம். இருட்டுவதற்குள் உன் வீட்டில் இருப்போம். அம்மா மறையூர் வெல்லம் வாங்க வேண்டும் என்கிறாள். மரகதம் ஆசைக்குத் தின்னட்டும், மருந்துக்கு அது ஈடு என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். நான் அங்கே வந்து ஊசியைத் தொடமாட்டேன். டாக்டர் அறைக்குள்ளும் உன்னோடு வரமாட்டேன். உன் சம்சாரம், நீதான் பேச வேண்டும். ஆனால் டாக்டரிடம் போவதை வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொள். வியாழக்கிழமை முழுக்க மரகதத்தை அம்மாவிடம் விட்டுவிடு. டாக்டர் கேட்டால் எதையும் மறைக்காமல் சொல்ல அந்தப் பிள்ளைக்கு என்ன பயம் இருக்கிறதோ, அது உனக்கும் எனக்கும் தெரியாது. "அத நான் கேட்டுக்கிடுதேன்" என்கிறாள் அம்மா.

உன் அப்பா